மாரிக்கு முன் அத்திவாரத்தைப் பாருங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கான கேள்வி பதில்

ஐப்பசி பிறந்து வாடை திரும்பியதும் எங்கள் பக்கத்தில் ஈரச் சுவர்க் கதை தொடங்கிவிடும். பெயின்ட் கடைக்குப் போவார்கள், ஆயிரக்கணக்கில் செலவழித்து உட்சுவருக்கு அடிப்பார்கள், தை முடிவதற்குள் அது பொருக்கு பொருக்காக உதிரும். தண்ணீர் வந்த வழி வெளியே இருக்க, மருந்தை உள்ளே பூசுவதால் வரும் வினை இது. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளையும், வேலைத்தளத்தில் பார்த்துப் பழகிய பதில்களையும் கீழே தந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் நிலத்துக்குக் கீழே அறை எதுவும் இல்லை. பிறகு ஏன் அத்திவாரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

எழுவான்கரையில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டில்தான் நம் ஊர்கள் பல இருக்கின்றன. மாரியில் கிணற்றை எட்டிப் பாருங்கள், கையால் வாளியை விட்டு அள்ளலாம். கிணற்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ கிட்டத்தட்ட அதே மட்டத்தில்தான் உங்கள் அறைக்குக் கீழேயும் நிற்கிறது. அதாவது அத்திவாரம் மூன்று நான்கு மாதம் தண்ணீருக்குள் இருக்கிறது. நிலத்துக்குக் கீழே அறை இல்லாவிட்டாலும், அப்படி ஓர் அறை வைத்திருப்பவருடைய தொல்லையில் பாதி உங்களுக்கும் உண்டு.

வீட்டுக்குத் தண்ணீர் வரும் வழி மூன்று. கூரையில் விழுந்து சுவரடியில் தேங்குவது ஒன்று. நிலத்தடியிலிருந்து சுவர் வழியே மேலே ஏறுவது இன்னொன்று. வாவியோ ஆறோ குளமோ பெருகி வளவுக்குள் வருவது மூன்றாவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எந்த வழியால் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈரக் கறையின் உருவத்தைப் பாருங்கள். நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு, ஒரே மட்டத்தில், வீட்டின் நடுச்சுவர்களிலும் சேர்த்துக் கறை ஓடினால் அது நிலத்தடி ஈரம். கறையின் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், விரலால் தொட்டால் மாவு போல ஒட்டும். வெளிச்சுவர் ஒன்றில் மட்டும், அதுவும் பீலி மூட்டுக்கு நேர் கீழே, திட்டாக இருந்தால் அது கூரைத் தண்ணீர். கச்சான் அடிக்கும் ஆடி மாதத்திலும் காயாமல் ஒரே இடத்தில் ஈரம் நின்றால் மழையைக் குறை சொல்லாதீர்கள், குளியலறைக் குழாய் எங்கோ கசிகிறது.

நிலத்துக்கும் ஒரு சோதனை உண்டு. ஒரு முழ அகலப் பொலித்தீன் துண்டை டைல்ஸ் இல்லாத சீமெந்து நிலத்தில் விரித்து, நான்கு ஓரத்தையும் அகலமான டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். துளிகள் பொலித்தீனுக்கு அடியில் நின்றால் ஈரம் நிலத்துக்குள்ளிருந்து வருகிறது. மேற்பக்கத்தில் மட்டும் நின்றால் அது அறைக் காற்றில் உள்ள ஈரம், யன்னலைத் திறந்து வைத்தாலே பாதி போய்விடும்.

கையில் காசு குறைவு, மாரிக்கும் நாள் இல்லை. முதலில் எதைச் செய்வது?

பீலியைச் செய்யுங்கள். 1 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர் தண்ணீர். 100 சதுர மீற்றர் கூரை உள்ள சாதாரண வீட்டில், 100 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஒரு நாளில் 10,000 லீற்றர் இறங்குகிறது. கார்த்திகை, மார்கழியில் நமக்கு அப்படியான நாட்கள் புதிதல்ல. பீலி இல்லாத வீட்டில் அவ்வளவும் தாழ்வாரத்துக்கு நேர் கீழே, சுவரிலிருந்து இரண்டடிக்குள் விழுந்து அத்திவாரத்தைத் தேடிப் போகிறது.

பீலி இருக்கிற வீடுகளிலும் ஒரு கோளாறு பார்க்கிறேன். கீழிறங்கும் குழாயை மூலையில், அத்திவாரத்தின் தலையிலேயே கொட்டும்படி விட்டிருப்பார்கள். பீலி போட்டதன் பயன் அங்கேயே போயிற்று. ஒரு வளைவு மூட்டும் ஆறேழு அடிக் குழாயும் வாங்கி, தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளி விடுங்கள், அல்லது வடிகானுக்கு இழுங்கள். பலா இலை, வேப்பஞ் சருகு அடைக்காமல் புரட்டாசியிலேயே ஒருமுறை ஏறித் துப்புரவாக்குங்கள்.

அப்புறம் வளவின் சரிவு. வீட்டைச் சுற்றி முதல் 10 அடிக்கு நிலம் 6 அங்குலமாவது வெளிப்பக்கம் இறங்க வேண்டும். மண்வெட்டி வேலைதான், ஒரு நாளில் முடியும்.

முற்றத்துக்கு வருடா வருடம் மணல் போடுகிறோம். அதில் ஏதும் பிழை உண்டா?

உண்டு. கலியாணம், கோயில் திருவிழா, வருடப் பிறப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு லோட் மணல் பரப்புவோம். பார்க்க அழகுதான். ஆனால் பத்து வருடத்தில் முற்றம் உயர்ந்து, சுவருக்குள் ஈரத்தடை போட்ட மட்டத்தைத் தாண்டிவிடும். ஈரத்தடை என்பது அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் மேசன்மார் போடும் டி.பி.சி. அது வெளி நிலத்திலிருந்து குறைந்தது 6 அங்குலம் மேலே இருக்க வேண்டும். மணல் அதை மூடிவிட்டால் ஈரம் தடையைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் சுவருக்குள் போகும். சுவரோடு அணைத்துக் கட்டிய பூப்பாத்தி, பிறகு ஒட்டிய படிக்கட்டு, நிலம் வரைக்கும் இழுத்த வெளிப்பூச்சு எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மணலை வழித்து எடுங்கள்.

வீதியைப் புதிதாகப் போட்டு உயர்த்திவிட்டார்கள். இப்போது வீடு பள்ளத்தில். என்ன செய்யலாம்?

காத்தான்குடியிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை இந்த முறைப்பாடு இல்லாத ஒழுங்கை குறைவு. வீட்டை உயர்த்த முடியாது என்றால், தண்ணீரைக் கேற்றடியிலேயே பிடிக்க வேண்டும். கேற்றுக்குக் குறுக்கே கம்பி மூடி போட்ட ஒரு கான், அதிலிருந்து பொது வடிகானுக்கு ஓர் இணைப்பு. பொது வடிகான் உங்கள் கானை விட உயர்ந்திருந்தால் வெள்ளம் திரும்பி உங்கள் பக்கம் ஓடும். ஆகவே மட்டம் பார்க்காமல் வெட்டாதீர்கள்.

மட்டம் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. நிறமில்லாத பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வடிகானடியிலும் மறு முனையை வீட்டுப் படியிலும் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து நிலத்துக்கு நாடா வைத்து அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். வீதி வடிகானை உடைத்து இணைப்பதற்குப் பிரதேச சபை அல்லது மாநகர சபையின் அனுமதி வேண்டும். வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பிரதான வீதி என்றால் அவர்களிடம் கேளுங்கள்.

புது வீடு கட்டப் போகிறோம். நிலமட்டம் எவ்வளவு உயரம் வைப்பது?

பக்கத்து வீட்டு மூத்தவர்களிடம் போய், 2011 ஜனவரி வெள்ளம் எந்த இடம் வரை வந்தது, 2024 நவம்பரில் எங்கே நின்றது என்று கேளுங்கள். கிணற்றுக் கட்டிலோ மதிலிலோ அடையாளம் காட்டுவார்கள். இரண்டில் உயர்ந்ததற்கு மேல் குறைந்தது ஓர் அடி. அதோடு, வீதியின் நடு மட்டத்தையும் பாருங்கள். அது இன்னும் இரண்டு தடவை உயரும் என்று கணக்குப் போடுங்கள். பழைய கல்வீடுகளில் திண்ணைக்கு ஏற நாலைந்து படி இருக்கும். வயதானவர்களுக்குச் சிரமம் என்று இன்று படியைக் குறைக்கிறோம். சாய்வுப் பாதை ஒன்று வைத்தால் அந்தச் சிரமம் தீரும், உயரத்தைக் குறைக்க வேண்டியதில்லை.

நிரப்பும் மண்ணை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். 6 முதல் 9 அங்குலத் தட்டுகளாகப் போட்டு, தண்ணீர் விட்டு இடித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் மாரியில் நிலம் இறங்கி டைல்ஸுக்கு அடியில் டொக் டொக் என்று சத்தம் கேட்கும். கொங்கிறீட் போடுமுன் தடித்த பொலித்தீனை, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கவியும்படி விரியுங்கள்.

டி.பி.சி. விடயத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். 1 சீமெந்துக்கு 3 மணல் சேர்த்த முக்கால் அங்குலக் கலவை, காய்ந்த பின் அதன் மேல் இரண்டு தடவை சூடான தார், தார் மேல் மணல் தூவல். முழு வீட்டுச் செலவில் இது கண்ணுக்கே தெரியாத தொகை. மேசன் போட்டுவிட்டேன் என்று சொன்னால் போதாது, தார் பூசும் அன்று போய் நில்லுங்கள். முக்கியமாக மூலைகளையும் சுவர் சந்திக்கும் இடங்களையும் பாருங்கள், அங்கேதான் இடைவெளி விழும். கடல் மணல், வாவி மணல் கலவைக்கு வேண்டாம். அதில் உள்ள உப்பு காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும், கம்பியையும் அரிக்கும்.

வயல் நிலத்தை நிரப்பிக் கட்டுவது என்றால் முதலில் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியில்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. தோணாவை, அதாவது வெள்ளம் வடியும் இயற்கை வாய்க்காலை, நிரப்பிய காணி என்றால் நான் வாங்கவே வேண்டாம் என்பேன். தண்ணீர் தன் பழைய வழியை மறக்காது.

பழைய வீடு. டி.பி.சி. இல்லை, உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. வாட்டர் புரூஃப் பெயின்ட் அடித்தால் நிற்குமா?

நிற்காது. சுவருக்குள் இருக்கும் தண்ணீர் எங்காவது வெளியேற வேண்டும். நீங்கள் இரண்டடிக்குப் பெயின்ட் அடித்து மூடினால் அது நாலடிக்கு ஏறி அங்கே வெளிவரும். டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதைதான்.

சரி, என்ன வழி? முதலில் மேலே சொன்ன வெளிவேலைகள். அதிலேயே பாதி வீடுகளில் ஈரம் கண்கூடாகக் குறைந்துவிடும். பிறகு கச்சான் காலம் வரும் வரை பொறுங்கள். ஈரக் கறைக்கு மேல் ஒன்றரை அடி வரை பழைய பூச்சைக் கல் தெரியக் கொத்தி எடுத்து, உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டித் துடையுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்புத் திரும்பக் கல்லுக்குள் போய்விடும். யன்னலைத் திறந்துவிட்டு அப்படியே காய விடுங்கள். சுவர் மாதத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் காயும் என்பது கட்டடக்காரர் கணக்கு. அவசரப்பட்டுப் பூசினால் அந்தக் காசும் உதிரும்.

சுவருக்குப் புதிதாக ஈரத்தடை வைக்கவும் முடியும். அடிக் கல் வரியை மூன்று மூன்று அடியாக அறுத்துத் தடையைச் செருகுவது ஒரு முறை. நான்கைந்து அங்குல இடைவெளியில் துளையிட்டு நீர்விலக்கி மருந்து ஏற்றுவது இன்னொன்று. முதலாவதைத் தெரிந்த மேசன் இல்லாமல் தொடவே கூடாது, வீடு வெடிக்கும்.

கடைக்குக் கீழே வாகனத் தரிப்பிடமோ, வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ட் அறையோ கட்டலாமா?

கரையோரத்தில் என்றால் என் பதில், வேண்டாம். கணக்கைப் பாருங்கள். அறையின் தளம் நிலத்தடி நீர் மட்டத்துக்கு 1 மீற்றர் கீழே இருந்தால், ஒவ்வொரு சதுர மீற்றரையும் தண்ணீர் 1 தொன் விசையோடு மேலே தள்ளுகிறது. 10க்கு 10 அடி அறைக்கு 9 தொன்னுக்கு மேல். 4 அங்குலக் கொங்கிறீட்டின் எடையோ சதுர மீற்றருக்குக் கால் தொன்தான். சாதாரணமாகக் கம்பி கட்டிய தளம் இதைத் தாங்காது, வெடித்து ஊற்று வரும். பக்கச் சுவர்களையும் ஈர மணல் உள்ளே தள்ளும்.

எப்படியும் கட்டத்தான் வேண்டும் என்றால் பட்டயப் பொறியியலாளர் ஒருவர் வரைந்து, மண் பரிசோதனை செய்து, தளமும் சுவரும் ஒரே பெட்டியாக, மூட்டுகளில் நீர்த்தடைப் பட்டியுடன், வெளிப்பக்கம் தார்ச் சவ்வு ஒட்டிக் கட்ட வேண்டும். உள்ளே ஊறும் தண்ணீரை இறைக்கக் குழியும் தானாக இயங்கும் மோட்டாரும், மின்சாரம் போனால் ஓட ஜெனரேட்டரும் வேண்டும். மாரியில் மின்சாரம் போகாத வருடம் எது? அந்தக் காசுக்கு மேலே ஒரு மாடி கட்டலாம்.

ஏற்கனவே அப்படி ஓர் அறை இருந்து, அது வெள்ளத்தில் நிரம்பிவிட்டால் உடனே முழுவதையும் இறைக்காதீர்கள். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் வெளி அழுத்தத்தைச் சமன் செய்து சுவரை நிறுத்தி வைத்திருக்கிறது. வெளியே வடிந்த பிறகு ஓர் அடி இறைத்து, அடையாளம் வைத்து, மறுநாள் பாருங்கள். மட்டம் மறுபடி ஏறியிருந்தால் இன்னும் காலம் வரவில்லை.

நிலத்துக்குள் புதைத்த தண்ணீர்த் தொட்டிக்கும் இது பொருந்துமா?

நன்றாகவே. 1,000 லீற்றர் பிளாஸ்டிக் தொட்டி வெறுமையாகப் புதைந்திருந்தால் வெள்ளம் அதைக் கிட்டத்தட்ட 1 தொன் விசையோடு மேலே தூக்கும். குழாய்களை முறித்துக்கொண்டு எழும்பி வந்த தொட்டிகள் உண்டு. மாரி முழுக்க அதை நிரப்பியே வையுங்கள்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சுவர் வெடிக்கிறது. அதுவும் தண்ணீரால்தானா?

பெரும்பாலும் ஆம். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கங்களில் பல இடங்களில் களிமண். மாரியில் ஊதும், கோடையில் சுருங்கி வாய் பிளக்கும். வீட்டின் ஒரு பக்கம் ஈரமாயும் மறு பக்கம் காய்ந்தும் இருந்தால் அத்திவாரம் ஒரு பக்கம் மட்டும் அசையும், யன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். இங்கே வேலை, சுற்றிலும் ஈரத்தை ஒரே சீராக வைத்திருப்பது. வீட்டைச் சுற்றி மூன்றடி அகலச் சீமெந்து நடைபாதை வெளிச்சரிவாகப் போட்டால் நல்ல பலன் தரும். பெரிய மரங்களைத் தள்ளி நடுங்கள்.

வெள்ளம் வரப் போகிறது. மண் மூட்டை அடுக்கினால் காப்பாற்றலாமா?

ஓர் அடி, ஒன்றரை அடி என்றால் முடியும். யூரியாப் பையில் பாதிக்குச் சற்று மேலே மட்டும் மணல் நிரப்பி, வாயை மடித்து, கல் கட்டுவது போல மூட்டு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரியையும் மிதித்து இறுக்குங்கள். பையை முட்ட நிரப்பினால் இடைவெளி விழும். வெள்ளம் வரும் பக்கம் பொலித்தீன் விரித்து, அதன் அடி ஓரத்தை முதல் வரிக்கு அடியில் செருகுங்கள். குளியலறை, மலசலகூடத் துவாரங்களையும் ஒரு சிறு மணல் பையால் அடையுங்கள். வாசலைக் காத்துவிட்டு அந்த ஓட்டை வழியாக வெள்ளம் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

இரண்டடிக்கு மேல் வரும் என்று தெரிந்தால் மறிப்பதை விட்டுவிடுங்கள். வெளியே இரண்டடித் தண்ணீர், உள்ளே ஒன்றுமில்லை என்றால் ஆறு அங்குலப் புளொக்கல் சுவர் அந்தத் தள்ளலைத் தாங்குமா என்பது சந்தேகம். பொருட்களை மேலே ஏற்றி, மெயின் சுவிச்சை நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். நனைந்த வீட்டைக் காய வைக்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

வாவி கடலில் சேரும் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டினால் எங்கள் பக்கம் வடிந்துவிடுமா?

வாவி ஓரத்து ஊர்களில் மேல் வெள்ளம் வடியும். நிலத்தடி நீர் அவ்வளவு சீக்கிரம் இறங்காது, வாரக்கணக்கில் மேலேயே நிற்கும். வடிந்துவிட்டதே என்று உடனே பூச்சு வேலை தொடங்கக் கூடாது.

வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுக்குள் முதலில் என்ன செய்வது?

மின்சாரத்தைத் தொடாதீர்கள். பிளக்குக்குள் தண்ணீர் போயிருந்தால் மின்னியலாளர் பார்க்கும் வரை மெயின் சுவிச் நிறுத்தியபடியே இருக்கட்டும். அடுத்த தடவைக்குப் பிளக்குகளை நாலடி உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ விறாந்தையிலோ ஓட்டக் கூடாது, அதன் புகையிலுள்ள மணமில்லாத நச்சு வாயு ஆளைக் கொல்லும். அலுமாரிக்கு அடியிலும் நனைந்த துணிக் குவியலிலும் கையை விடுமுன் தடியால் கிளறுங்கள். பாம்பும் நம்மைப் போல மேடு தேடித்தான் வந்திருக்கும்.

சேறு காயுமுன் வாரி வெளியே போடுங்கள், காய்ந்தால் கொத்த வேண்டி வரும். மெத்தை, பலகைத் தட்டி ஆகியவை இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வெளிற்றும் குளோரினை வேறு எந்த அமிலக் கழுவியோடும் கலக்காதீர்கள். வீட்டின் வெளி மூலைகளையும் சுற்றிப் பாருங்கள். மணல் நிலத்தில் ஓடும் வெள்ளம் மூலையடியைக் கரைத்து அத்திவாரத்தை அந்தரத்தில் விட்டுவிடும். அப்படித் தெரிந்தால் மண்ணைத் தள்ளி மூடி மறைக்காமல், கல்லும் மெலிந்த கொங்கிறீட்டும் இட்டு நிரப்ப ஆள் கூப்பிடுங்கள்.

மலசலகூடக் குழி நிரம்பித் தண்ணீர் இறங்கவில்லை. பவுசர் கூப்பிட்டு இறைக்கலாமா?

நிலம் ஊறியிருக்கும்போது முழுவதும் இறைத்தால் தண்ணீர்த் தொட்டியைப் போலவே குழியும் மிதக்கும் அல்லது வெடிக்கும். இரண்டு நாளில் திரும்ப நிரம்பியும் விடும். பாவனையைக் குறைத்து, நிலத்தடி நீர் இறங்கும் வரை பொறுக்க வேண்டியதுதான்.

கிணறு மூழ்கிவிட்டது. அடியோடு இறைத்துக் கழுவலாமா?

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்தில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். உவர் நீர் இன்னும் உள்ளே வந்தது, சில கிணறுகளின் சுவரே இடிந்தது. ஆகவே ஒரே மூச்சில் வற்ற இறைக்க வேண்டாம். நிலம் சற்று வடிந்த பின் மெதுவாக இறைத்து, சேற்றை அள்ளி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு அவர் சொல்லும் அளவில் குளோரின் இடுங்கள். அதுவரை குடிக்கக் குழாய்த் தண்ணீர் அல்லது நன்றாகக் கொதித்தாறிய நீர்.

இழப்பீட்டுக்கு என்ன வைத்திருக்க வேண்டும்?

துப்புரவாக்கத் தொடங்குமுன் ஒவ்வொரு அறையையும் சுவரில் நிற்கும் வெள்ளக் கோடு தெரியும்படி படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவு நாடாவைப் பிடித்தால் இன்னும் நல்லது. கிராம உத்தியோகத்தரிடம் பதிவு செய்து, பதிந்த திகதியைக் குறித்து வையுங்கள். காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, மின்சாரப் பட்டியல் மூன்றையும் பொலித்தீன் பையில் போட்டு, வெள்ளத்துக்கு முன்பே வீட்டின் மிக உயர்ந்த இடத்தில் வைத்துவிடுங்கள். தொகையும் விதியும் சுற்றறிக்கைக்கு ஏற்ப மாறும், அந்த வருடத்துக்கு உரியதைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.